தொறொத்தேயாவுக்கு மெழுகுதிரி வேண்டாம்

"மெழுகுதிரி கொளுத்தாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது? இவ புனிதை இல்லை. நத்தை வளர்த்த மனிசி!"

பிறேமா அக்கா இதைச் சொல்லாத ஆகஸ்ட் மாதம் கிடையாது. சொல்லும் முறையும் மாறாது. முதல் வாக்கியத்துக்கு இரண்டு கையும் இடுப்பில் இருக்கும். இரண்டாவதற்கு இடது கை சுவரில் தொங்கும் படத்தை நோக்கி நீளும். "நத்தை" என்று வரும்போது குரல் உச்சிக்கு ஏறி, "மனிசி"யில் களைத்துப்போய் இறங்கும். ஜேர்மனியில் பான் நகரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இதை அக்கா மாதிரியே சொல்லத் தெரியும். கிறிஸ்மஸ் ஒளிவிழா மேடையில் ஒருமுறை சொல்லியும் காட்டினோம். முன்வரிசையில் இருந்த அக்கா கோபிக்கவில்லை. "இடக்கை இன்னும் கொஞ்சம் மேல போகோணும்" என்று திருத்தினார்.

முழுப் பெயர் பிறேமாவதி அல்பேர்ட். மன்னாரில் பேசாலையில் பிறந்தவர். எண்பதுகளில் எல்லாரையும் போலக் கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, ரயில் பிடித்து மேற்குக்கு வந்து அசூல் அடித்தவர், அதாவது அகதித் தஞ்சம் கேட்டவர். வழக்கு முடியும்வரை வேலைக்குப் போகக்கூடாது என்பது அந்தக் காலச் சட்டம். அகதி காம்ப் அறையில் செய்ய ஒன்றும் இல்லை. யன்னலோரம் இருந்து எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜேர்மனியை நான் படிச்சது அந்த யன்னலிலைதான்," என்பார். "அந்த வீட்டு மனிசி எப்ப பூச்செடிக்குத் தண்ணி ஊத்துவா, எப்ப ஊத்த மாட்டா எண்டு எனக்குத் தெரியும். ஊத்தாட்டி புருசனோட கோவம். ரெண்டு செடி செத்தால் பெரிய சண்டை."

அனுமதி கிடைத்ததும் முதல் வேலை ஒரு மரக்கறித் தோட்டத்தில். விடியக்காலையில் சலாட் பாத்திகளில் நத்தை பொறுக்குவது. ஒரு கையில் வாளி, வாளியில் உப்புத் தண்ணீர். அதற்குப் பிறகு ஒரு ஹொட்டலில் படுக்கை விரித்தார், பாலர் பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவினார். அல்பேர்ட் அண்ணை மாரடைப்பில் போனார். மகன் படித்து எர்லாங்கனில் வேலையாகி, சைக்கிளில் வேலைக்குப் போகிற பெரிய எஞ்சினியர் ஆனார். அக்காவின் முழங்கால் மட்டும் ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. நின்று செய்கிற வேலை இனி ஏலாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். அப்போதுதான் சுங்க வீட்டு வேலை வந்தது.

பானிலிருந்து ரைன் ஆற்றோடு ரயிலில் போனால் ஒரு சிறிய ஊர் வரும். அங்கே ஆற்றங்கரையில், படகுகளிடம் வரி வாங்கிய பழைய சுங்க வீடு ஒன்று இருக்கிறது. இப்போது அது ஊர் மியூசியம். கீழே நங்கூரங்கள், பழைய வலைகள், ஊர்ப் பித்தளை வாத்தியங்கள். மேலே ஒரே ஒரு காட்சி அறை. அந்த அறையில் கதிரை போட்டு இருந்து, வருகிறவர்கள் ஒன்றையும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை. வருகிறவர்கள் அதிகம் இல்லை. மழை பெய்தால் கொஞ்சப் பேர் ஒதுங்குவார்கள்.

மேல் அறை முழுவதும் ஒரே ஒருவருடைய சேகரிப்பு. தொறொத்தேயா ப்ரூக்னர், ஆயிரத்து எழுநூறுகளில் அந்த வீட்டில் இருந்த சுங்க அதிகாரியின் மனைவி. ஒல்லாந்துப் பக்கமிருந்து ஆற்றில் ஏறி வரும் படகுக்காரரிடம் சிப்பியும் சங்கும் கேட்டு வாங்கிச் சேர்க்கத் தொடங்கியவர். மியூசியத்தை நடத்திய யூலியா என்ற இளம் பெண் அக்காவுக்கு இதையெல்லாம் முதல் கிழமையே விளக்கிச் சொன்னார். அக்கா கேட்ட முதல் கேள்வி:

"புருசன் வரி வாங்கினார், பெண்சாதி சிப்பி வாங்கினா. படகுக்காரர் பாவம், வீட்டை என்னத்தைக் கொண்டு போனவை?"

யூலியா சிரித்துவிட்டு அடுத்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். அதில் பளபளக்கும் சங்கு ஒன்றும் இல்லை. ரைன் கரைப் புதர்களில் கிடைக்கும் சாதாரண நத்தை ஓடுகள். மஞ்சள், இளஞ்சிவப்பு, மண்ணிறக் கோடு போட்டது, கோடே இல்லாதது. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் செத்த ஓடுகளை இழுப்பறையில் அடுக்கிவைத்து, கோடு போட்டதற்கு ஒரு பெயர், போடாததற்கு ஒரு பெயர், வாய் தடித்ததற்கு ஒரு பெயர், மெல்லியதற்கு ஒரு பெயர் என்று சூட்டிக்கொண்டிருந்தார்கள். தொறொத்தேயா செத்ததை விட்டுவிட்டு உயிரோடு இருந்ததைப் பிடித்தார். ஊறுகாய்ப் போத்தல்களில் ஈர மண் போட்டு, சலாட் இலை வைத்து, முட்டையிடவிட்டு, குஞ்சு வளர்வதைக் கோடைக்குக் கோடை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே தாயின் முட்டையிலிருந்து கோடு போட்டதும் வந்தது, கோடில்லாததும் வந்தது. ஓட்டின் வாய் தடிப்பது வேறு இனம் என்பதற்காக அல்ல, வளர்ந்து முடிந்தது என்பதற்காக. பல பெயர்களை வைத்திருந்த ஒரு பேராசிரியருக்கு இதை எழுதி அனுப்பினார். பேராசிரியர் தன் அடுத்த பதிப்பில் அத்தனை இனத்தையும் ஒன்றாக்கிவிட்டு, "ஒரு பெண்மணி கவனித்தபடி" என்று அடியில் ஒரு வரி போட்டார். பெயர் போடவில்லை.

"ஒரு பெண்மணியாம்," என்றார் அக்கா. "ஊறுகாய்ப் போத்தல் கழுவினது ஆரெண்டு ஆருக்கும் தெரியாது."

தொறொத்தேயா செய்ததுபோலவே அறையில் உயிருள்ள நத்தைகளை வைக்க வேண்டும் என்பது யூலியாவின் யோசனை. பராமரிப்பு அக்காவின் பொறுப்பு. அக்கா ஒரு கிழமை முரண்டு பிடித்தார். "நான் வாளி வாளியாக் கொண்ட சாமான். இப்ப இலை வெட்டிக் குடுத்து வளர்க்கிறதோ? அதுகளுக்கு என்னைத் தெரியும், யூலியா." கடைசியில் யன்னலோரம் மூன்று போத்தல்கள் வந்தன. அக்கா கதிரையையும் யன்னலோரம் நகர்த்திக்கொண்டார். காம்ப் யன்னலுக்குப் பிறகு இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கச் சம்பளமும் தருகிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

இனி நம்மவர்கள் கதைக்குள் வருகிறார்கள்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் பானிலிருந்து கெவெலார் என்ற ஊரின் மாதா திருவிழாவுக்குப் பஸ் போகும். ஒழுங்கு செய்வது கொட்வின் அண்ணை. பஸ்ஸில் முன் ஆசனம், கையில் ஒலிவாங்கி, வாயில் நிற்காத பேச்சு. ஒரு வருடம் திரும்பி வரும் வழியில் பிள்ளைகளுக்கு அவசரம் என்று சுங்க வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தினார். மியூசியத்தின் கழிவறை மேல் மாடியில். வரிசை படிக்கட்டில் ஏறி, தொறொத்தேயாவின் அறை வழியாக வளைந்து நின்றது.

அங்கே தொங்கும் ஓவியத்தை இப்போதும் போய்ப் பார்க்கலாம். தலையில் வெள்ளைத் துணி. தலைக்குப் பின்னால் வட்டமாக, பொன் நிறத்தில் ஒரு தட்டு. அது வைக்கோல் தொப்பி, அந்தக் காலத்துப் பெண்கள் பின்பக்கமாகச் சரித்துப் போடுவது. ஒரு கையில் யாத்திரிகர் கொண்டுபோகிற மாதிரி ஒரு சிப்பி. மறு கையில் உயர்த்திப் பிடித்த கண்ணாடிப் பாத்திரம். கண்கள் மேலே, பாத்திரத்தை நோக்கி. பாத்திரத்தில் ஏறிக்கொண்டிருக்கும் நத்தை காலத்தால் கறுத்துப்போய் யாருக்கும் தெரியாது.

கெவெலாரில் முழு நாளும் செபம் சொல்லிவிட்டு, வயிற்றில் புட்டும் கண்ணில் நித்திரையுமாக வந்த ஐம்பது கத்தோலிக்கர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கொட்வின் அண்ணை சிலுவை அடையாளம் போட்டார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் போட்டார்கள். பையில் மீதியிருந்த மெழுகுதிரிகள் வெளியே வந்தன.

அக்கா கழிவறைத் தாள் எடுக்கக் கீழே போயிருந்தார். திரும்பி வந்தபோது, இருநூறு வருடத்துக்கு மேலான மர அலுமாரிக்கு முன்னால் ஏழெட்டுச் சுடர்கள் எரிந்துகொண்டிருந்தன. அந்த மூன்று வாக்கியங்கள் பிறந்தது அன்றைக்குத்தான்; "எத்தினை தரம்" மட்டும் பிறகு சேர்ந்தது.

சொன்னதை யார் கேட்டார்கள்? அடுத்த வருடம் கொட்வின் அண்ணை பஸ்ஸிலேயே அறிவித்தார். அவருடைய குரல் மூக்கால் வரும், ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஒரு சிறிய இருமல். "அன்பான... ம்க்கும்... இறைமக்களே. அடுத்ததாக நாங்கள்... ம்க்கும்... சிப்பி மாதாவிட்டைப் போறம். போன வருசம் நான் வேண்டி... ம்க்கும்... என்ர சிறுநீரகக் கல்லு போயிட்டுது." அதற்கடுத்த வருடம் இரண்டு பஸ் வந்தது. டோர்ட்முண்டிலிருந்தும் ஆட்கள் காரில் வந்தார்கள்.

அக்கா வாசலில் நின்று மெழுகுதிரிகளைப் பறித்தார். பிளாஸ்ரிக் கூடைக்குள் போட்டுவைத்துப் போகும்போது திருப்பிக் கொடுத்தார். விமான நிலையம் மாதிரி இருக்கிறது என்று சனம் முணுமுணுத்தது.

அந்த வருடக் குளிர்காலத்தில்தான் யூலியா கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். மேல் அறையை மூடிவிடலாம் என்று நகரசபை யோசிக்கிறது. ஆட்கள் வருவதில்லை, சூடாக்கச் செலவு. தொறொத்தேயாவின் ஓடுகளைப் பெட்டியில் கட்டி நிலவறையில் வைப்பார்கள். கதிரையும் போய்விடும், அக்காவின் வேலையும் போய்விடும். அந்த முழங்காலோடு அந்த வயதில் வேறு வேலை கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஆனால் ஆகஸ்டில் உங்கள் ஆட்கள் வருகிறார்கள்," என்றார் யூலியா. சாந்தமான பெண், கதைக்கும்போது இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்திருப்பார். "திருமதி அல்பேர்ட், அவர்கள் என்ன நினைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பது அவர்களுடைய விஷயம் அல்லவா? நகரசபையிலிருந்து வருகிறவரை அவர்கள் வருகிற சனிக்கிழமையே கூப்பிடுகிறேன். கூட்டத்தைப் பார்க்கட்டும். பற்றரியில் எரிகிற மெழுகுதிரி கூட வைக்கலாம்."

அக்கா யன்னல் பக்கம் திரும்பினார். போத்தலில் ஒரு நத்தை கண்ணாடியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யூலியா, நான் கும்பிடுற ஆள். கும்பிடுறதெண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும். கும்பிடத் தொடங்கினால் பிறகு ஒருத்தரும் கிட்டப் போய்ப் பார்க்க மாட்டினம். கண்ணை மூடிப்போடுவினம். இவ கண்ணைத் திறந்து வைச்சிருந்த மனிசியெல்லோ?"

"இந்த ஒரு நாள் மட்டும்," என்றார் யூலியா. "அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லாதீர்கள். தயவுசெய்து."

"பாப்பம்," என்றார் அக்கா.

அவருடைய "பாப்பம்" ஓம் என்பதும் அல்ல, இல்லை என்பதும் அல்ல. யூலியா அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பஸ்ஸும் வந்தன. நகரசபையிலிருந்து வந்தவர் குட்டை நரை முடி வைத்த ஒரு பெண், மழை இல்லாத நாளில் மழைக்கோட்டு. படிக்கட்டு நிறையச் சனம் ஏறுவதைப் பார்த்து அவருடைய புருவம் உயர்ந்தது. யூலியாவின் முகம் சிவந்து மலர்ந்தது. அக்கா கூடையும் கையுமாகக் கதிரையில் இருந்தார். வாய் திறக்கவில்லை. வாசலில் மெழுகுதிரி பறிக்கவும் இல்லை. சனத்துக்கே அது விளங்கவில்லை, ஒன்றிரண்டு பேர் தாங்களாகவே கூடைக்குள் போட்டார்கள்.

நகரசபைப் பெண் கொட்வின் அண்ணையிடம் வந்தார். "இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்களா? மகிழ்ச்சி. தொறொத்தேயா ப்ரூக்னரின் எந்த வேலை உங்களுக்கு முக்கியம்?"

கொட்வின் அண்ணையின் ஜேர்மன் பஸ் கம்பனிகளோடு பேரம் பேசப் பழகிய ஜேர்மன். விலையும் நேரமும் நன்றாக வரும், மற்றதற்குக் கை உதவும். அவர் தன் விலாவைத் தொட்டுக் காட்டினார். "கல்லு. இங்கே. பெரியது. இவ எடுத்தா."

"கல் சேகரித்தாரா?" என்று நகரசபைப் பெண் யூலியாவைப் பார்த்தார். யூலியா தரையைப் பார்த்தார். கொட்வின் அண்ணை பையிலிருந்து ஒரு நீளமான மெழுகுதிரியை வெளியே எடுத்தார். கெவெலாரில் வாங்கியது, நீல ரிபன் கட்டியது.

அக்கா எழும்பினார். முழங்கால் காரணமாக எழும்ப நேரம் எடுத்தது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். இரண்டு கையும் இடுப்புக்குப் போயின.

அதை அவர் முதலில் ஜேர்மனில் சொன்னார், நகரசபைப் பெண்ணுக்காக. "இவர்கள் இந்தப் பெண்ணைப் புனிதை என்று நினைத்து வருகிறார்கள். இல்லை என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். இன்றைக்குச் சொல்லாமல் இருந்தால் உங்களுக்கும் பொய், அவர்களுக்கும் பொய்." பிறகு திரும்பி, தமிழில், ஒருவருக்கும் இதுவரை சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: "கொட்வின் அண்ணை, இவ கத்தோலிக்கமே இல்லை. புரட்டஸ்தாந்து."

நீல ரிபன் கட்டிய மெழுகுதிரி மெதுவாகக் கீழே இறங்கியது.

"புரட்டஸ்தாந்தோ?"

"ஓம்."

"ம்க்கும். புரட்டஸ்தாந்துக்கோ நான் மூண்டு வருசம் கொளுத்தினனான்?"

"நான் கொளுத்தச் சொன்னனானோ?"

"அப்ப என்ர கல்லு?"

"அதை எடுத்தது உங்களை வெட்டின டொக்டர். அந்தாளுக்கு ஒரு நன்றி சொன்னீங்களோ?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிலர் படியிறங்கத் தொடங்கினார்கள். யூலியா யன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்தது என்று அவருடைய முதுகே சொன்னது. கொட்வின் அண்ணை மட்டும் போகவில்லை. ஏமாந்த மனிதனுக்கு வருகிற கோபம் அவருக்கு.

"பிறகு என்னத்துக்கு இந்த மனிசியின்ர படத்தை இவ்வளவு பெரிசாக் கொழுவி வைச்சிருக்கு?"

அக்காவின் கைகள் இடுப்பிலிருந்து இறங்கின. "அப்பிடிக் கேளுங்கோ. இத்தினை வருசமும் ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை. வாங்கோ, யன்னலுக்குக் கிட்ட."

போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், படத்தில் இருப்பவர் மாதிரியே. அதை அவர் கவனித்திருக்க மாட்டார், பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. "இந்தா, இது தாய். இதெல்லாம் அதின்ர குஞ்சுகள். ஒண்டுக்குக் கோடு இருக்கு, ஒண்டுக்கு இல்லை. அந்த நாளையில பெரிய ஆக்கள் இதை வேற வேற சாதி எண்டவை. இவ என்ன செய்தவ? வாயால தர்க்கம் பண்ணேல்லை. இலையைப் போட்டா, இருந்து பாத்தா. வருசக் கணக்கா."

"ஒரே தாயோ?" கொட்வின் அண்ணை குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஒரே தாய். இஞ்ச பாருங்கோ, இதுக்கு வாய் தடிச்சிட்டுது. அப்பிடியெண்டால் வளர்ந்து முடிஞ்சுது. உங்கட வாய் இன்னும் தடிக்கேல்லை அண்ணை, வளர இடமிருக்கு."

படியிறங்கியவர்கள் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பி ஏறினார்கள். ஒருவர் தங்கள் பல்கனித் தொட்டியில் இருப்பதும் இதுதானோ என்று கேட்டார். இன்னொருவர் ஏன் ஓடு வலது பக்கமாகச் சுத்துது என்று கேட்டார். "அது எனக்குத் தெரியாது, யூலியாவைக் கேளுங்கோ," என்று அக்கா கையைக் காட்ட, யூலியா யன்னலை விட்டு வந்து விளக்கத் தொடங்கினார், அக்கா மொழிபெயர்த்தார். "இந்தப் பெட்டிக்குள்ள எங்கட மன்னார்ச் சங்கு ஒண்டும் இல்லையோ?" என்று ஒரு கிழவர் கேட்டார். "இல்லை," என்றார் அக்கா. "எல்லா இடத்திலயும் நாங்கள் இருக்கோணுமோ?" வெளியே பஸ் சாரதி ஹோர்ன் அடித்தார். யாரும் அசையவில்லை. நகரசபைப் பெண் மழைக்கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். அவரும் வரிசையில் நின்று போத்தலைப் பார்த்தார்.

அறை மூடப்படவில்லை. முழுதாகத் தப்பவும் இல்லை. கிழமையில் மூன்று நாள் மட்டும் திறப்பது, பள்ளிப் பிள்ளைகளை நத்தை பார்க்கக் கூட்டிவருவது என்று முடிவு. அக்காவின் சம்பளமும் அதற்கேற்றபடி இளைத்தது. "கதிரை இருக்குதுதானே," என்றார்.

அடுத்த ஆகஸ்டில் ஒரு பஸ்தான் வந்தது, அதுவும் நிறையவில்லை. மெழுகுதிரி இல்லை. அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு சலாட். சிலர் ஒற்றை இலை, சிலர் முழுக் கட்டு. ஐஸ்கிறீம் டப்பாக்களில் தங்கள் தோட்டத்து நத்தைகளும் வந்தன. ஒருத்தி போத்தலுக்கு முன் இலையை வைத்துவிட்டு, பழக்க தோசத்தில் கையைக் கூப்பினாள்.

"இதென்ன," என்று அக்கா கத்தினார், "இப்ப நத்தைக்கோ நேர்த்திக்கடன்?"

போன வருடம் மாசியில் அக்காவுக்கு நெஞ்சில் நீர் கட்டியது. பானில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கட்டில் யன்னலோரம். எதிர்க் கட்டடத்தில் யாரோ மாடியில் கொடியில் உடுப்புப் போடுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எர்லாங்கனிலிருந்து மகன் வந்து கூடவே இருந்தார். யூலியா போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார், தாதியார் உள்ளே விடவில்லை. படம் எடுத்துக் காட்டினார். புதுக் குஞ்சுகள் பொரித்திருந்தன.

அக்காவின் கடைசி நாளுக்கு முதல் நாள் கொட்வின் அண்ணை வந்தார். சூப் போத்தலை மேசையில் வைத்தார். ஒலிவாங்கி இல்லாமல் கதைக்கத் தெரியாத மனிதர், முதலில் இருமினார். பிறகு கட்டிலுக்குக் குனிந்து, மகனுக்குக் கேட்காமல் கேட்டார். "பிறேமா, தப்பா எடுக்காதை. புரட்டஸ்தாந்தெண்டாலும் பரவாயில்லை. உனக்காகத் தொறொத்தேயாவிட்டை ஒண்டே ஒண்டு கொளுத்திப்போட்டு வரட்டோ?"

அக்கா கண்ணைத் திறந்தார். கையை இடுப்புக்குக் கொண்டுபோகப் பார்த்தார், சேலைன் குழாய் விடவில்லை. குரல் மட்டும் பழைய இடத்துக்கு ஏறியது.

"இவ்வளவு காலமும் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னது உங்கட காதில ஏறேல்லையோ, கொட்வின் அண்ணை? எனக்காகக் கொளுத்துறதெண்டால் மாதாவிட்டைப் போய்க் கொளுத்துங்கோ, அவவுக்குப் பழக்கம். தொறொத்தேயாவிட்டைப் போனால் கும்பிடாதேங்கோ. இலையைப் போட்டிட்டு, என்ர கதிரை சும்மாதான் கிடக்கு, அதில இருந்து, வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்து பாருங்கோ!"